நிருபா சொல்லிவிட்டு வந்த சொல்

காலையில் சப்பாத்துப் போடப் போன ரதிதேவியின் முழங்காலில் பெட்டி இடித்தது.

நவம்பர் மாதம், ஏழரை மணி, வெளியே இன்னும் கும்மிருட்டு. யன்னலுக்கு அப்பால் பாரிசின் லா சப்பெல் பாலத்தின் மேல் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் மஞ்சள் வெளிச்சத்தோடு ஸ்டாலின்கிராட் நிலையத்துப் பக்கம் கடகடத்துப் போக, அது போகும் போதெல்லாம் கிணுங்குவதுபோல அடுக்களைக் கோப்பைகள் கிணுங்க, கீழே கடைக்காரர்கள் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தமும் முதல் எண்ணெய்ச் சட்டியின் வாசமும் ஐந்தாம் மாடிவரை ஏறி வந்துகொண்டிருந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான். பெட்டி மட்டும் வழக்கமில்லை. மகள் நிருபாவின் நீலப் பயணப்பெட்டி, கைபிடி இழுத்து உயர்த்தப்பட்டு, வாசற்கதவோடு ஒட்டிக்கொண்டு, புறப்பட ஆயத்தமாகிவிட்ட ஆளைப்போல நின்றது.

அந்தப் பெட்டியை மூன்று கிழமைக்கு முதல் வெறுமையாக்கி, துடைத்து, அலுமாரிக்கு மேலே குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தது ரதிதேவியேதான். கதிரை போட்டு ஏறித்தான் வைத்தாள். இடுப்பு இரண்டு நாள் நொந்தது.

"நிருபா! இந்தப் பெட்டியை ஆர் இறக்கினது?"

"சே பா முவா, அம்மா!" என்று குளியலறைக்குள்ளிருந்து பல்துலக்கும் வாயோடு பதில் வந்தது. நானில்லை என்று அர்த்தம். பதினேழு வயதுப் பிள்ளை எதைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதுதான் என்பதால் ரதிதேவி நம்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினாள். பாரமில்லை. ஆனால் தூக்கும்போது ஒரு வாடை வந்தது. கரையில் ஒதுங்கி அழுகிய கடற்பாசியும், நெடுநாள் ஈரத்தில் கிடந்த துணியும் சேர்ந்த வாடை. மூக்கைச் சுளித்து, யன்னலைத் திறந்துவிட்டு, வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் பெட்டி கதவடியில் நின்றது. இம்முறை உள்ளே நிருபாவின் நீச்சலுடை இருந்தது. மூன்றாம் நாள் ஒரு சோடிச் செருப்பு, இரண்டு சட்டை, பல்துலக்கும் தூரிகை. அவற்றை அடுக்கிய விதம்தான் ரதிதேவியின் கையை அப்படியே நிறுத்தியது. மடிக்கவில்லை. ஒரு பழைய பருத்தித் துண்டுக்குள் எல்லாவற்றையும் உருட்டி வைத்து, நாலு மூலையையும் இழுத்து முடிந்திருந்தது. மூட்டை. அப்படி முடிச்சுப் போட நிருபாவுக்குத் தெரியாது, அவளுக்குச் சப்பாத்து நாடாவே ஒழுங்காகக் கட்ட வராது. அந்தத் துண்டு இந்த வீட்டுத் துண்டும் இல்லை.

முடிச்சை அவிழ்த்தாள். துணி ஈரமாக இருந்தது.

*

இந்த வினையெல்லாம் கலைமாறனின் மூளையில் உதித்தது. அவன் தெருமுனையில் பயணச்சீட்டுக் கடை வைத்திருப்பவன். ரதிதேவி அவனிடம் பத்து வருடமாக வேலை பார்க்கிறாள். புருஷன் லண்டனில் இன்னொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருப்பதால், வீட்டுக்குச் சம்பாதிப்பதும் அவள்தான், பிள்ளைக்கு அப்பாவும் அவள்தான்.

"ரதி அக்கா, எங்கடை சனத்துக்குக் கடலும் தென்னையும் வேணும். ஊருக்குப் போகேலாது. அத்திலாந்திக் கடலுக்கு அங்காலை குவாதலூப் தீவுகளுக்குப் போகலாம்தானே? அது பிரான்ஸ். அகதிக் காட் வைச்சிருக்கிறவனுக்கும் விசா தேவையில்லை," என்று ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றான். "பேர் தெரிஞ்ச கடற்கரைக்கு வெள்ளைக்காரன் கூட்டிக்கொண்டு போவான். நாங்கள் ஒருத்தருக்கும் தெரியாத தீவு, ஒருத்தருக்கும் தெரியாத கோயில், மலை எண்டு போடுவம். நீங்கள் ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாங்கோ."

நிருபாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு, ஒக்டோபர் விடுமுறையில் போனாள். போனது பிழை என்று இன்றும் அவளால் முழு மனதோடு சொல்ல முடியாது. அவ்வளவு அழகாக இருந்தது. கூழைக்கடாக்களைத் தவிர ஒருவரும் குளிக்காத கறுப்பு மணற்கரை. கந்தக ஆவி கக்குகிற மலை, அதன் உச்சியில் நிருபா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு. கவிழ்த்த தோணியின் வயிறுபோல உட்கூரை வேய்ந்த ஒரு மரத் தேவாலயம். ஆட்களைவிட ஆடுகள் கூடிய தீவுகள். சகல ஆன்மாக்களின் நாளையொட்டி அங்குள்ள சனம் கல்லறைகளையெல்லாம் கழுவி, வெள்ளையடித்து, பொழுதுபட ஆயிரக்கணக்கில் மெழுகுதிரி கொளுத்தி, செத்தவர்களோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியிருந்ததைப் பார்த்து ரதிதேவி கண் கலங்கினாள்.

அதற்கடுத்த நாள்தான் அந்தக் குட்டித் தீவு. வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை. படகோட்டி லூடோவிக்கின் முகத்தைப் பார்த்தால் மன்னாரில் எங்கோ மீன் விற்றவன் என்று சத்தியம் செய்யலாம்; தமிழ் ஒரு சொல் தெரியாது. கரையில் இவர்களை இறக்கிவிட்டு, தான் இறங்க மாட்டேன் என்று படகிலேயே இருந்துகொண்டான். முன்னொரு காலத்தில் கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஒரு கப்பல், வருத்தம் வந்தவர்களை இங்கே இறக்கிவிட்டது, சுகமானதும் வந்து ஏற்றுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது, பிறகு வரவில்லை. நிருபா மொழிபெயர்த்துச் சொன்னாள். எத்தனை பேர் என்று கேட்டதற்கு அவன் தோளைக் குலுக்கினான்.

குன்றின் மேலே கல்லால் கட்டிய சிறு கோயில், பாதிக் கூரை இல்லை. அதன் பின்னால், புல்லுக்குள் வரிசை வரிசையாகப் புதைகுழிகள். ஒன்றிலும் பெயரில்லை, மெழுகுதிரி இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றிப் பெரிய பெரிய சங்குகள் பதித்திருந்தன. கடற்காற்று அவற்றுக்குள் புகுந்து ஊதிக்கொண்டே இருந்தது, குன்று முழுவதும் ஒரே ஊங்காரம். ரதிதேவி நாலு படம் எடுத்தாள். பிறகு, படகு காத்திருக்கிறது என்று மகளைக் கூப்பிட்டுவிட்டு முன்னால் இறங்கினாள்.

பின்னால் நிருபாவின் குரல் கேட்டது. பகிடியும் மரியாதையும் பாதிப் பாதியாக, குழிகளைப் பார்த்துக் கையசைத்து:

"சரி. போட்டு வாறம், என்ன?"

ஊங்காரம் நின்றது.

காற்று நிற்கவில்லை. ரதிதேவியின் சேலைத் தலைப்பு அப்போதும் படபடத்துக்கொண்டுதான் இருந்தது. சங்குகள் மட்டும் மௌனமாகிவிட்டன.

*

போறன் என்று வெறுமையாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கக் கூடாது, போட்டு வாறன், போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். நிருபாவுக்கு ரதிதேவி வருந்திப் படிப்பித்த தமிழ் அதுதான். மற்றதெல்லாம் பிரெஞ்சில் நடந்தாலும் அந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளை பாலர் பள்ளிக் கேற்றுக்கும் சொன்னது, பேருந்துக்கும் சொன்னது, பொண்டியிலிருக்கும் பெரியம்மா வீட்டுப் பூனைக்கும் சொன்னது. கேட்டவர்கள் எல்லாம் கொஞ்சினார்கள்.

ஆனால் செத்தவீட்டில் அதைச் சொல்லக்கூடாது. வந்ததுபோலவே எழும்பி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போய்விட வேண்டும். அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. பாரிசில் செத்தவீடு என்பது நகருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் அரை மணி நேரம். பிள்ளைகளை அங்கே யார் கூட்டிப்போகிறார்கள்? அந்தக் குன்றில் வைத்தே திட்டியிருக்கலாம், சொன்னதைத் திருப்பி வாங்கச் சொல்லியிருக்கலாம். பிள்ளை பயந்துவிடும் என்று விட்டாள். அப்படி விட்டதை நினைத்து இப்போது தன் கன்னத்தில் தானே அறையலாம் போல இருந்தது.

நாலாம் நாள் காலை, பெட்டியைக் கையோடு தூக்கி மீண்டும் அலுமாரிமேல் எறிந்துவிட்டு, படியிறங்கும்போது கால் வழுக்கியது. மரப்படிகள் நனைந்திருந்தன. முதலாம் மாடி நடையில் நின்று கபிரியேல் தன் மூக்குக்கண்ணாடிக்குள்ளால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேரிக்காரர், வரி அலுவலகத்தில் முப்பது வருடம் கிடந்து ஓய்வுபெற்றவர், மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர். கட்டிடத்தில் ஒரு மின்குமிழ் கருகினாலும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவார்.

"மதாம் ரதி, பாத்தீங்களா? வாசல்லேருந்து இது வரைக்கும் தண்ணி. குழா ஒடைஞ்சிருக்கும்னு நெனச்சேன். நக்கிப் பாத்தேன், உப்பு."

"நக்கிப் பார்த்தீங்களோ?"

"அப்புறம் எப்படித் தெரியும்?"

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. ஈரம் முதலாம் மாடியோடு நின்றிருந்தது. வடிந்து வந்த தண்ணீர் அல்ல அது. ஒவ்வொரு படியிலும் பக்கத்துப் பக்கத்தில், நெருக்கி நெருக்கி, கால்கள் நின்ற இடங்களாக.

அடுத்த நாள் ஈரம் இரண்டாம் மாடியில் முடிந்தது. அதற்கடுத்த நாள் மாலை அவள் வேலையால் வரும்போது, கபிரியேல் கதவைச் சங்கிலிக்குள் ஒரு சாண் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். கதவின் கீழே துவாயை உருட்டி அடைத்திருந்தது. இரண்டு நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

"எங்க கொள்ளுத் தாத்தாவோட தம்பி காரைக்கால்ல கப்பல் ஏறுனவரு. பெருசுங்க சொல்லும், வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனாராம், அவ்ளோதான்," என்றார், கேளாமலேயே. பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தியானத்துலேருந்து என் வாசல்ல நிக்குதுங்க. கதவத் தட்டல. பேசல. எல்லாம் மேல பாத்து நிக்குதுங்க. என் வூட்டுக்கு இல்ல, மதாம்."

"இப்ப நிக்கினமோ?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும், அவள் தோளுக்கு மேலாலும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார்.

ரதிதேவி மிச்ச இரண்டு மாடியும் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினாள். ஓடவில்லை. ஓடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வேண்டுமென்றே குதிக்கால் சத்தம் கேட்க ஏறினாள். முதுகு முழுவதும் கடல்வாடை.

*

மறுநாள் கடையில் கலைமாறன் துண்டுப்பிரசுரத்தை விரித்து வைத்திருந்தான். அழகாக அச்சடித்திருந்தது. கறுப்பு மணல், கந்தக மலை, மரத் தேவாலயம். கடைசிப் பக்கத்தில் அந்தக் குன்று.

"இந்தப் பக்கத்தை எடு, தம்பி."

"அக்கா, இதுதான் சனம் பார்க்கப்போற இடம்! எங்கடை ஆக்களைப் புதைச்ச இடமெண்டால் நாங்கள் போய் ஒரு விளக்குக் கொளுத்தத்தானே வேணும்? முப்பத்தெட்டுப் பேர் இதைப் பார்த்துத்தான் பேர் குடுத்தவை."

முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டுப் பேரும் கும்பிட்டு முடித்து, படகுக்குத் திரும்பும்போது, நல்ல பிள்ளைகளாக எதைச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தீவுக்கு இதுவரை போன வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் நடக்காததன் காரணமும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே கிடப்பவர்களுக்குத் தெரிந்த பாஷையில் ஒருவரும் இதுவரை வாக்குக் கொடுக்கவில்லை.

"எடுக்காட்டி நான் நாளையிலிருந்து வரமாட்டன். நான் இல்லாமல் நீ ஒரு ரிக்கெற் அடிச்சுப் பார்."

கலைமாறன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அவள் மேசையில் கிடந்த கட்டை எடுத்து, ஒவ்வொரு பிரசுரத்திலும் கடைசித் தாளை, அவன் கண்ணுக்கு முன்னாலேயே, கிழித்துக் குப்பையில் போட்டாள். முந்நூறு தாள். கை நோகும்வரை கிழித்தாள். பயம் கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. யாருடைய பிள்ளையிடம் யார் வருகிறார்கள்? எந்தத் தண்ணீருக்குள்ளிருந்து வந்தாலும் வரட்டும், பார்ப்போம் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது நிருபா பள்ளிக்கூடத்தால் வந்து, மேற்சட்டையைக் கழற்றாமல், விளக்கும் போடாமல், கதிரையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெட்டி.

"என்னம்மா இருட்டுக்குள்ளை?"

"அம்மா, நான் அவங்ககிட்ட சொன்னேன்ல. வந்துர்றேன்னு. சொன்னா போவணும்ல?"

ரதிதேவியின் கையிலிருந்த மரக்கறிப் பை நழுவிக் கீழே விழுந்தது. எந்தக் கேள்விக்கும் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை. தமிழ் பேசினாலும் வன்னித் தமிழ்தான் வரும், அதுவும் உடைந்து வரும். இது உடையவில்லை. இது இந்த வீட்டுத் தமிழும் இல்லை. குரல் நிருபாவுடையது, இதமான, நித்திரைக் குரல்.

"அவங்க ரொம்ப நாளா உக்காந்திருக்காங்கம்மா. பாவம்ல?"

ரதிதேவி விளக்கைப் போட்டாள். மகளின் தோளைப் பிடித்து உலுப்பினாள். நிருபா கண்ணைக் கொட்டி, "கேஸ் கிலியா, அம்மா?" என்றாள், என்ன நடந்தது என்று, முகம் வெளுத்து, வழக்கமான பிரெஞ்சில், வழக்கமான எரிச்சலோடு. பெட்டியைப் பார்த்ததும் கதிரையை விட்டு எழும்பினாள். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குழந்தையாக இருந்தபோது அழுததுபோல அழுதாள்.

"நான் போக விரும்பேல்லை. எனக்கு... கால் தானா நடக்குது."

"நீ ஒரிடமும் போகமாட்டாய்," என்றாள் ரதிதேவி.

*

அந்த நிமிடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நிருபாவையும் கையில் பிடித்துக்கொண்டாள், தனியே விட மனமில்லை. படிகளில் நின்றவர்கள், நின்றார்கள் என்றால், விலகித்தான் இருக்க வேண்டும்; இரண்டு பக்கமும் குளிர் உரசியது, ஒன்றும் தடுக்கவில்லை. ஸ்டாலின்கிராட் தாண்டி, கால்வாய் அகன்று குளமாகும் இடத்துக்குப் போனாள். பியர்க் குப்பியோடு உட்கார்ந்திருந்த பொடியன்கள் வேடிக்கை பார்க்க, பெட்டியை இரண்டு கையாலும் சுழற்றி எறிந்தாள். அது மிதக்கவில்லை. கல்லைப் போட்டதுபோல ஒரேயடியாக உள்ளே போனது.

"வேணுமெண்டால் அதை வைச்சிருங்கோ!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினாள்.

அடுத்த நாள் காலை கதவடியில் பெட்டி இல்லை. அன்று முழுக்க இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள். இடியப்பம் அவித்தாள், சொதி வைத்தாள், பிள்ளைக்குத் தலை வாரிவிட்டாள். மூன்று மணிவரை ஒன்றுமில்லை. நாலு மணிவரை ஒன்றுமில்லை. சரி, விட்டுப் போய்விட்டார்கள், தெரியாமல் சொன்ன பிள்ளை என்று மன்னித்துவிட்டார்கள் என்று கூட நினைத்தாள். ஐந்து மணிக்கு இருட்டியது.

முதலில் மெத்ரோவின் சத்தம் குறைந்தது. பாலத்தின் மேல் அது போவது தெரிந்தது, வெளிச்சம் சுவரில் ஓடியது, கோப்பைகள் கிணுங்கின, ஆனால் சத்தம் ஏதோ ஈரத் துணியால் மூடியதுபோல மங்கியது. பிறகு தெருவில் கார் ஊதும் சத்தம், அரபுக் கடைக்காரனின் கூச்சல், எல்லாம் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து போயின. மிச்சம் இருந்தது படியில் வந்த ஒரே சத்தம். ஈரக் கால்கள் மரத்தில் பதிந்து, இழுபட்டு, மீண்டும் பதியும் சத்தம். ஒரு காலல்ல. பத்தல்ல.

மூன்றாம் மாடி.

நாலாம் மாடி.

நிருபா தன் அறை வாசலில் நின்றாள். அவளுடைய வலது கால் தானாக ஒரு அடி முன்னால் வந்தது. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா."

"பிடிச்சுக்கொண்டு நில். விடாதை."

ரதிதேவி கதவின் துவாரத்தில் கண்ணை வைத்தாள். நடையில் விளக்கு எரிந்தது. பிறகு அணைந்தது. அந்த அணையும் கணத்தில் கண்டாள். முகங்கள். படி முழுக்க. சங்கொலியில்லை, பேச்சில்லை, மூச்சில்லை. வெறும் முகங்கள்.

இனி ஒளிந்து பயனில்லை. அவளுக்கு ஒளிந்தே வயது போய்விட்டது; பங்கருக்குள் ஒளிந்தாள், காட்டுக்குள் ஒளிந்தாள், லொறிக்குள் ஒளிந்து எல்லை கடந்தாள். சொந்த வீட்டில், வாடகை கட்டுகிற வீட்டில், பிள்ளைக்கு முன்னால் ஒளிய அவளால் ஏலாது.

கதவைத் திறந்தாள். அகலத் திறந்தாள்.

முன்னால் நின்றவள் ஒரு சின்னப் பெண். முரட்டுச் சேலை, உடம்போடு ஒட்டி, நீர் சொட்டச் சொட்ட. கையில் மூட்டை. கண் இமைகள் உப்பால் ஒட்டியிருந்தன. ஆனாலும் முகம் நிருபா நின்ற பக்கமே திரும்பியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு ஆண், அவனுக்குப் பின்னால் ஒரு பிள்ளை, பிறகு வளைந்து வளைந்து இறங்கிப் போகும் இருட்டில் தலைகள், தலைகள். பயங்கரம் அதில் இல்லை. எல்லாம் தெரிந்த முகங்களாக இருந்ததுதான் பயங்கரம். தெருவில் இறங்கினால் நூறு தரம் காணும் மூக்கு, நெற்றி, தாடை.

"அவள் சின்னப்பிள்ளை. தெரியாமல் சொன்னவள்," என்றாள் ரதிதேவி. குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "நான் தெரிஞ்சு சொன்னனான். இருபது வருசத்துக்கு முதல், புதுக்குடியிருப்பிலை, என்ரை அம்மாவுக்கு. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். போகேல்லை. அவ செத்த பிறகும் நான் போகேல்லை. சொன்னதைச் செய்யாதவளைப் பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடியுங்கோ. என்ரை பிள்ளை வராது."

யாரும் அசையவில்லை. நீர் மட்டும் சொட்டியது.

"உங்களைக் கொண்டந்து விட்டவன் ஏமாத்தினவன். எனக்கு விளங்குது. அதுக்கு என்ரை பிள்ளையே பொறுப்பு? அவளைப் பார்க்கோணுமெண்டால் நீங்கள் பாருங்கோ. அவள் அங்கை வரத் தேவையில்லை. நீங்கள் இஞ்சை வந்திட்டியள். வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ."

ஓரமாக விலகி நின்றாள்.

அவர்கள் வந்தார்கள்.

சின்னப் பெண் முதலில். அவள் தரையில், சோபாவுக்கு முன்னால், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். ஆண் அவளுக்குப் பக்கத்தில். பிள்ளை. ஒரு கிழவன். இரண்டு சகோதரிகள்போல இருந்தவர்கள், ஒரே மூட்டையை இருவராகப் பிடித்தபடி. ஒவ்வொருவரும் வாசலைக் கடக்கும்போது ஒரு குளிர். "வாங்கோ," என்றாள் ரதிதேவி. அடுத்தவர். "வாங்கோ." நிறுத்தினால் பயந்ததாகிவிடும் என்று நிறுத்தாமல் சொன்னாள். சோபா நிறைந்தது. மேசையடி நிறைந்தது. அடுக்களை, குளியலறை, கட்டில்கள். முழங்காலோடு முழங்கால். சுவரோடு சுவராக. தரைவிரிப்பு ஊறி, செருப்புகள் மிதந்தன.

யன்னலால் கீழே பார்த்தாள். தெருவிலும் நின்றார்கள். பாலத்தின் கீழே, தூண் தூணாகத் தாண்டி, ஸ்டாலின்கிராட் வரை. ஒரே வரிசை. சாமான் பைகளோடு போன சனம் அவர்களுக்குள்ளால் நடந்து போனது, கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டு.

கதவு திறந்தபடி. உள்ளே இனி ஆள் கொள்ளாது.

ஆனாலும் அறையின் நடுவில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். எவ்வளவு நெருக்கியும், பிள்ளைகளை மடியில் ஏற்றியும், அந்த இடத்தைத் தொடாமல் விட்டிருந்தார்கள். சரியாக ஓர் ஆள் உட்காரும் அளவு. எல்லா முகங்களும் நிருபாவின் பக்கம். நிருபாவின் விரல்கள் கதவு நிலையில் வழுக்கின. ஒரு விரல். இன்னொன்று.

"விடாதை எண்டன்!"

ரதிதேவி அவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தாள். குளிர்ந்த தோள்களில் கை ஊன்றி நடந்தாள். அந்த இடத்துக்குப் போய், சேலையை முழங்காலுக்குக் கீழே சொருகி, சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். நிரப்பினாள். தண்ணீர் இடுப்புவரை வந்தது.

"இந்தா. இடம் நிரம்பீட்டுது," என்றாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்து. "எவ்வளவு நாளெண்டாலும் இருங்கோ. நானும் இருக்கிறன்."

சுவரில் ஒரு மெத்ரோவின் வெளிச்சம் ஓடி மறைந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று.



பிறகு ஈரத் துணி உரசும் சத்தம். ஒருவர் அசைந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். மூட்டைகளை மடியோடு அணைத்து, உடம்பைக் குறுக்கி, மரியாதையாக, நிருபாவின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமலே, மெல்ல மெல்ல நகர்ந்து விலகினார்கள். அவள் தோளோடு ஒட்டி, அவள் பக்கத்தில், இன்னும் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் திறந்தது.